வெற்றிடம் அல்ல, பெயர்த்தெடுத்த இடம்

போன மாதம் தபாலில் ஒரு புத்தகம் வந்தது. வழவழப்பான தாள், கனமான அட்டை. வண்ணத்தோடு வேறு பொருள்களையும் கலந்து அந்தக் காலத்தில் சென்னையில் செய்த படைப்புகளை இளைய ஓவியர்கள் சிலர் தொகுத்திருக்கிறார்கள். நடுப்பக்கத்தில் நான் செய்த பலகை. என் பெயரைச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள்: சவரிமுத்து, ராயபுரம். அதன் கீழே ஒரு விளக்கம். 'துரு, வார்ப்பு மணல், சாக்கு ஆகியவற்றின் நடுவே கலைஞர் வேண்டுமென்றே விட்டிருக்கும் வெற்றிடம், இயந்திரங்களின் காலத்தில் மனிதன் காணாமல் போனதைச் சொல்கிறது.'

எனக்கு எண்பத்து நான்கு வயது. கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை.

வேண்டுமென்றே விட்ட வெற்றிடமாம்! அந்த இடத்தில் ஒரு பொருள் இருந்தது. அதைப் பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, சூடு காட்டி நானே பெயர்த்தெடுத்தேன். அங்கே எந்த மனிதனும் காணாமல் போகவில்லை. அவனுக்குப் பெயர் இருந்தது. முனுசாமி. முகத்துவாரக்குப்பத்துக்காரன். அவன் பெயர் அந்தப் புத்தகத்தில் ஒரு மூலையில்கூட இல்லை.

புத்தகம் போட்டவர்களில் ஒருவர் போனில் கூப்பிட்டார். "ஐயா, யாரும் செய்யாத காலத்தில் இப்படிப் பொருள்களை ஒட்டிச் செய்ய உங்களுக்கு எப்படித் தோன்றியது? கொஞ்சம் எழுதிக் கொடுங்களேன்" என்றார். எழுதுகிறேன். அவர் கேட்டதை மட்டும் எழுத எனக்கு மனசில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

என் தொழில் படிப்பு நாலு வரியில் முடிந்துவிடும். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எட்டாவதோடு பள்ளிக்கூடம் போவது நின்றது. ராயபுரத்தில் போர்டு எழுதும் கடை ஒன்றில் ஐந்து வருஷம் தூரிகை கழுவி எழுத்துப் பழகினேன். கடைப் பலகை, லாரி நம்பர், மாதா தேருக்குத் தங்க வண்ணம், கல்லறைச் சிலுவையில் பெயர் என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றிலும் எழுதுவேன். தமிழ் ஒன்றைத்தான் படிப்பேன். மற்ற இரண்டும் எனக்குப் படம் மாதிரி. பார்த்து அச்சாக இறக்கிவிடுவேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் திருவொற்றியூர்ப் பக்கம் ஓர் இரும்பு வார்ப்பாலையில் பெயின்டர் வேலை கிடைத்தது. அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அதன் பெயரை எழுதி அதற்கு இன்னொரு போர்டு வைக்க எனக்கு விருப்பமில்லை. வார்த்து ஆறிய இரும்புச் சாமான்கள் மேல் வெள்ளை பெயின்டில் எண் போடுவதுதான் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு எண். இரண்டு வருஷம் கழித்து சேஃப்டி ஆபீசராக வரதராஜன் சார் வந்தார். எச்சரிக்கைப் படங்கள் வரைய ஆள் வேண்டும் என்று என்னைத் தன் பகுதிக்கு இழுத்துக்கொண்டார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் ஒரே அளவில் சீவிய இரண்டு பென்சில். கரி பறக்கும் அந்த ஆலையில் சாயங்காலம் வரை அவர் சட்டை வெள்ளையாகவே இருக்கும். எதையும் தொட மாட்டார் என்பதுதான் காரணம். எங்கேயாவது விபத்து என்றால் முதலில் அடிபட்டவனை அனுப்பிவிட்டு, பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போவார்.

"சவரி, கையைப் பின்னால கட்டிக்கோ."

கட்டிக்கொள்வேன். பத்து நிமிஷம் நின்று பார்க்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. பிறகு சாக்கட்டியால் தரையில் கோடு. யார் எங்கே நின்றான், எது எங்கே விழுந்தது. அப்புறம் டேப் பிடித்து அளவு. கடைசியில்தான் கீழே கிடப்பதை எடுக்கலாம். எடுத்ததற்கெல்லாம் ஒரு அட்டைத் துண்டு கட்டி எண் போட வேண்டும். அறுந்த பெல்ட்டின் ஒரு நூல், நசுங்கிய பட்டன், எதுவாக இருந்தாலும் சரி. "கீழே கிடக்கறது பொய் சொல்லாது. நின்னுட்டிருக்கறவன்தான் சொல்லுவான்" என்பார். அந்த ஆளிடம் எனக்கு பக்தி என்றே சொல்லலாம்.

நான் வரைந்த படங்களை யாரும் பார்க்கவில்லை. தகரத்தில் எனாமல் பெயின்ட். கையுறை போடு, கண்ணாடி மாட்டு என்று பெரிய எழுத்து. இரண்டு வாரத்தில் கரி படிந்துவிடும். அங்கே பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, மீதிப் பேருக்கு நேரமில்லை. ஒருநாள் எவனோ ஒருவன் உள்ளங்கை எரிந்து ஓட்டை விழுந்த கையுறை ஒன்றை என் படத்தின் ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டான். எனக்கு எரிச்சல். கழற்றப் போனேன். வரதராஜன் சார் தடுத்தார். ஒரு ஷிஃப்ட் முழுக்க அங்கே நின்று வேடிக்கை பார்த்தார். போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்றான். "யார்துபா இது? கை இன்னா ஆச்சு?" என்று கேட்டான்.

"உன் படத்தைப் பார்த்து எவனாவது 'இது யாருது'ன்னு கேட்டானா?" என்றார் சார். "வரையாதே. ஒட்டு."

இதுதான் என் 'யோசனை' வந்த கதை. கலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒட்டு என்று அவர் சொல்லிவிட்டார். எதை வைத்து ஒட்டுவது? கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆலை. தச்சர்கள் காய்ச்சும் வஜ்ரப் பசையை முதலில் போட்டுப் பார்த்தேன். ஈரக்காற்றில் நெகிழ்ந்து, பூசணம் பூத்து, பெருச்சாளி தின்றுவிட்டது. சிமென்ட் வெடித்தது. வார்ப்பு மணலை இறுகப் பிடிக்க வைக்கும் வெல்லப்பாகைக் குழைத்துப் போட்டேன். ஊர் எறும்பு முழுக்க வந்தது. தார் நன்றாகப் பிடித்தது, ஆனால் சித்திரை வெயிலில் உருகி, பலகையின் மேலே ஒட்டிய கையுறை ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, பேய் வேலை என்று ஒரு கிழவர் வேலைக்கே வரமாட்டேன் என்றார்.

கடைசியில் என் மச்சான்தான் வழி சொன்னான். காசிமேட்டில் மரப்படகுகளுக்குப் பழுது பார்ப்பவன். "பலகை சந்துல தண்ணி பூராம அடைக்கிறோமே குங்கிலியம், அத்த போட்டுப் பாரேன்" என்றான். குங்கிலியத்தை இடித்துச் சலித்து, எண்ணெயில் போட்டு, சின்னத் தீயில் காய்ச்ச வேண்டும். குச்சியால் தொட்டுத் தூக்கினால் நூல் இழுக்க வேண்டும். நூல் அறுந்தால் பதம் போதாது, கம்பி மாதிரி நின்றால் முற்றிவிட்டது. சரியான பதத்தில் ஊற்றினால் இரும்பானாலும் தோலானாலும் மரத்தோடு மரமாக நிற்கும். உப்புக்காற்று ஒன்றும் செய்யாது. சூடு காட்டினால் மட்டும் இளகும்.

அதற்குப் பிறகு எனக்கு வெறி பிடித்துவிட்டது. உலையிலிருந்து வரும் கசடு பச்சைக் கண்ணாடி மாதிரி உடையும், அதை ஒட்டினேன். தகட்டின் மேல் உப்புத் தண்ணீர் தெளித்து, வேண்டிய இடத்தில் துருவை வளரவிட்டு, போதும் என்ற இடத்தில் எண்ணெய் தடவி நிறுத்தக் கற்றுக்கொண்டேன். பெல்ட் துண்டு, செருப்பு, சங்கிலிக் கண்ணி, சாக்கு எல்லாமே என் வண்ணங்கள் ஆயின. எட்டு வருஷத்தில் முப்பது பலகைக்கு மேல் செய்திருப்பேன். அவற்றால் விபத்து குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

முனுசாமியும் பார்ப்பான். உருகிய இரும்பை அச்சில் ஊற்றும் கூட்டத்தில் அவன் இருந்தான். அவன் குடும்பத்தில் கடலை விட்டு ஆலைக்கு வந்த முதல் ஆள். கருவாடு கொண்டுவந்து எனக்கும் பங்கு வைப்பான்.

"இன்னா சவரி, இந்த கலீஜெல்லாம் பொறுக்கி ஒட்டிக்கினு கீற? கம்பெனி உனுக்குப் பெயின்ட் குடுக்கலியா?"

"இது பேசும்டா, பெயின்ட் பேசாது."

"பேசட்டும், பேசட்டும். ஒருநாள் என் கருவாட்டையும் ஒட்டிடப் போற."

எழுபத்தொன்றோ எழுபத்திரண்டோ, ஐப்பசி மழை. அச்சுகள் வரிசையாக இருக்கும் இடத்துக்கு மேலே கூரை ஒழுகியது. ஒழுகுகிறது என்று ஆட்கள் சொன்னார்கள், வரதராஜன் சாரும் எழுதிப் போட்டார். அச்சு மணலில் ஈரம் இருந்தால் என்ன ஆகும் என்று அந்த ஆலையில் கூட்டுகிறவனுக்கும் தெரியும். உருகிய இரும்பு உள்ளே போனதும் ஈரம் ஆவியாகிக் குமுறும். ஊற்றிய இரும்பைத் திருப்பி முகத்திலேயே துப்பும். அன்று காலை முதல் ஷிஃப்டில் முனுசாமி ஊற்றிய அச்சு அப்படித் துப்பியது. இரண்டு கண்ணும் போய்விட்டது. உயிர் இருந்தது.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு சாரும் நானும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். அந்தப் பத்து நிமிஷம் என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. சார்தான் பென்சிலால் காட்டினார். மணலில் அவன் பாதுகாப்புக் கண்ணாடி கிடந்தது. தோல் விளிம்பு கருகி, ஒரு பக்கம் சில்லு சில்லாக உடைந்து, இன்னொரு பக்கத்தில் இரும்புப் பொட்டுகள் பதிந்திருந்தன. முன்பெல்லாம் ஸ்டோரில் தடித்த கண்ணாடி வைத்தது கொடுப்பார்கள். அந்த வருஷம் வந்தது ஜன்னல் கண்ணாடி மாதிரி மெலிசு. அதையும் சார் எழுதிப் போட்டிருந்தார், எனக்குத் தெரியும்.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அட்டை கட்டச் சொல்லவில்லை. "எடுத்துக்கோ, சவரி. பத்திரமா ஒட்டி வை" என்றார்.

என் வாழ்க்கையிலேயே பெரிய பலகையை அப்போதுதான் செய்தேன். நாலடிக்கு ஆறடி. அந்த அச்சின் மணலையே அள்ளி வந்து பரப்பினேன். அவனைப் போர்த்தித் தூக்கிய சாக்கை விரித்தேன். ஓரங்களில் துரு வளர்த்த தகடுகளை வைத்தேன். நடுவில் கண்ணாடி, முகத்தில் படும் பக்கம் மரத்தை நோக்கி. விளிம்பைச் சுற்றிக் குங்கிலியத்தை வளையமாக ஊற்றினேன். தலையைச் சுற்றி மாட்டும் பின்பட்டை அசிங்கமாகத் தெரிந்தது, சாக்குக்கு அடியில் செருகிவிட்டேன். முனுசாமிக்காகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். அழுதுகொண்டேதான் செய்தேன். ஆனால் கடைசியில் நாலடி தள்ளி நின்று பார்த்தபோது, நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குப் பெருமை வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அடுத்த வாரம் பெரிய மேனேஜர் வந்தார். என் பகுதிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர், பலகைக்கு முன்னால் நின்று, "மிஸ்டர் சவரிமுத்து, நீங்க பெரிய ஆர்ட்டிஸ்ட். இது இங்க கரியில கெட்டுப் போகக் கூடாது" என்றார். நகரத்தில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். ஒரு இங்கிலீஷ் படிவத்தை நீட்டினார். மிஸ்டர் என்று என்னை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. கையெழுத்துப் போட்டேன்.

கண்காட்சியில் முதல் பரிசு. எனக்கு மாலை. பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் பலகையில் மூக்கை வைக்காத குறையாகப் பார்த்துவிட்டு, "இந்தச் சிவப்புக்கு என்ன நிறம் கலந்தீங்க?" என்று கேட்டார்.

"அது நிறம் இல்லீங்க. துரு."

"எவ்வளவு அழகான வன்முறை!" என்றார் பக்கத்திலிருந்தவர். யாருடைய கண்ணாடி என்று ஒருவர், ஒரே ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்கள் ஆலையில் எழுதப் படிக்கத் தெரியாதவன் முதலில் கேட்பது அதைத்தான். கண்காட்சி முடிந்ததும் பலகை கடற்கரைச் சாலையில் கம்பெனியின் தலைமை அலுவலக வரவேற்பறைக்குப் போய்விட்டது.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். முனுசாமியின் மனைவி தேசம்மாள். உள்ளே வா என்றேன், வரவில்லை.

"எங்க வூட்டுக்காரரு கண்ணு போன கண்ணாடிய செவுத்துல மாட்டி நீ மாலை வாங்கிக்கினியாமே, மெய்யா?"

நாற்காலியை வாசலுக்கு எடுத்து வந்தேன். அவள் உட்காரவில்லை.

"அவரு கண்ணாடியே போடல, வேணும்னே கழட்டி வச்சிட்டாருன்னு கம்பெனி எழுதிக் குடுத்துக்கீது. அப்டினா நஷ்ட ஈடு கெடையாதாம். போட்டுக்கினுதான் இருந்தாருன்னு சொல்றதுக்குக் கீற ஒரே சாமான் அதான். அத்த நீ எடுத்துக்கினு போயி அழகு காட்டிக்கினு கீற. எங்கள ஒரு வார்த்த கேட்டியா நீ?"

தெருவே பார்த்தது. இந்தக் கட்டுரையில் நான் யார் யாரையோ திட்டுகிறேன். அந்த வரிசையில் முதல் ஆள் நான்தான் என்பதை எழுதாமல் விட்டால் நான் மனுஷனில்லை.

மறுநாள் யூனியன் வக்கீலைப் பார்த்தேன். நான் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல் அவரிடம் இருந்தது. கம்பெனியே கொடுத்திருக்கிறது. அவர் படித்துச் சொன்னார்: 'பயன்படுத்திய பொருள்கள்: மணல், சாக்கு, துரு, ஸ்டோரில் கழித்துப் போட்ட பழைய கண்ணாடி.' கீழே என் கையெழுத்து, அழகாக, போர்டு எழுத்து மாதிரி.

நேரே வரதராஜன் சார் அறைக்குப் போனேன். "கண்ணாடி கிடந்ததை நீங்கதானே சார் காட்டினீங்க? அவன் போடலன்னு எப்படி எழுதினீங்க?"

அவர் கதவைச் சாத்தினார். "நான் எழுதினது வேற, சவரி. மேல போனது வேற."

"கையெழுத்து?"

"கையெழுத்து என்னுதுதான்." பென்சிலை எடுத்து மேசையில் நேராக வைத்தார். "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

முனுசாமிக்கும் இரண்டு பெண்கள். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் வந்ததற்கு இன்னும் என்னை நொந்துகொள்கிறேன்.

கேட்டால் பலகையைத் தர மாட்டார்கள், கேட்ட அன்றே அது காணாமல் போகும் என்றார் வக்கீல். அப்படியானால் கேட்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன். எதிர்வீட்டு ரேடியோ ரிப்பேர்காரனிடம் ஈயம் பற்றவைக்கும் மின்கோலைக் கடன் வாங்கினேன். பட்டி பார்க்கும் தகடு ஒன்று, ஒரு டிபன் பாக்ஸ், துவைத்த கைக்குட்டை. காலை பதினொரு மணிக்குத் தலைமை அலுவலகம் போனேன். பலகையைச் செய்தவன், ஒரு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது, சரி செய்ய வேண்டும் என்றேன். வரவேற்பறைப் பெண் மரியாதையாக எழுந்து ஸ்டூல் போடச் சொன்னாள். ப்ளக் எங்கே என்று ப்யூன் காட்டினார்.

தகட்டை மின்கோலில் சூடாக்கி, வளையத்தின் அடியில் ஒரு அரிசி அளவு நுழைத்தேன். இளகும் வரை பொறுத்தேன். அவசரப்பட்டால் தோல் கிழியும். மறுபடி சூடு, மறுபடி ஒரு அரிசி அளவு. குங்கிலியம் புகைந்தது. "கோவில் வாசனை வருதே!" என்றாள் அந்தப் பெண். அரைமணி நேரம் ஆனது. சாக்குக்கு அடியிலிருந்த பட்டையையும் உருவி, கண்ணாடி கைக்கு வந்ததும் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் குங்கிலிய வளையத்துக்குள் காற்றுப் புகாமல் அப்படியே இருந்தது. கருகிய தோல் விளிம்பில் அவன் புருவ மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. தோலும்.

கைக்குட்டையில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்தேன்.

"என்ன சார், நடுவுல ஓட்டையாயிடுச்சே?" என்றாள்.

"இருக்கட்டும்மா. இது வேற இடத்துக்குப் போவணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

நஷ்ட ஈட்டு விசாரணை ஒரு அரசாங்கக் கட்டடத்தில், மின்விசிறி சத்தம் போடும் அறையில் நடந்தது. கமிஷனர் என்று அழைக்கப்பட்ட அதிகாரி, வயதானவர், அவசரமில்லாதவர். கம்பெனி வக்கீல் என் படிவத்தை ஆட்டிக் காட்டினார். "இது ஸ்டோர் கண்ணாடி என்று இவரே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்."

"நான் எழுதலைங்க. இங்கிலீஷ் எழுத்து எனக்கு வரையத்தான் வரும், படிக்க வராது" என்றேன். அறையில் யாரோ சிரித்தார்கள். கமிஷனர் சிரிக்கவில்லை. கண்ணாடியை முனுசாமி கையில் கொடுக்கச் சொன்னார்.

தேசம்மாள் அவனை நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். அவன் கண்ணாடியை இரண்டு கையாலும் வாங்கினான். பிறகு சில்லையும் இரும்புப் பொட்டையும் விட்டுவிட்டு, விரல் நேரே பின்பட்டைக்குப் போனது. நான் அசிங்கம் என்று மறைத்த பட்டை.

"என்துதான், சார். இந்த எலாஸ்டிக் ரெண்டு வாட்டி அறுந்துச்சு. ஸ்டோர்ல மாத்தித் தரல. நான்தான் முடிச்சு போட்டேன். எங்க குப்பத்து வலை முடிச்சு."

கம்பெனி வக்கீல் எழுந்தார். கமிஷனர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, மேசையிலிருந்த ஃபைல் கயிறு ஒன்றை எடுத்தார். "இதிலே அதே முடிச்சைப் போடுங்க." முனுசாமி போட்டான். ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. கமிஷனர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பூதக்கண்ணாடி வரவழைத்து உள்பக்கத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "கழற்றி வைத்த கண்ணாடியில் புருவம் எப்படி ஒட்டும்?" என்று கம்பெனி வக்கீலைக் கேட்டார்.

அடுத்து வரதராஜன் சார். சம்பவ இடத்தில் இந்தக் கண்ணாடியைப் பார்த்தீர்களா?

"ஞாபகம் இல்லை."

மெலிசான கண்ணாடி என்று நீங்கள் முன்பே எழுதிக் கொடுத்ததுண்டா?

"ஞாபகம் இல்லை."

கூரை ஒழுகியது?

"ஞாபகம் இல்லை."

ஐந்து வருஷத்துக்கு முன்னால் எந்த மெஷினில் எந்த ஆணி தளர்ந்திருந்தது என்று தேதியோடு சொல்லக்கூடிய மனிதர் அவர். எட்டு வருஷம் அவர் பக்கத்தில் நின்றிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது, அவருக்காக.

தீர்ப்பு முனுசாமி பக்கம் வந்தது. நஷ்ட ஈடு கொடுத்தார்கள். ஆனால் ஒருவர் மேலும் நடவடிக்கை இல்லை. அடுத்த மழைக்கும் அந்தக் கூரை ஒழுகியது. நடவடிக்கை என் மேல்தான் வந்தது. கம்பெனியின் கலைப்பொருளைச் சேதப்படுத்தி, அதன் பகுதியைத் திருடினேனாம். நான் செய்த பலகை, அவன் போட்ட கண்ணாடி, திருட்டு மட்டும் என்னுடையது! கண்காட்சி நடத்தியவர்களும் ஒரு கடிதம் போட்டார்கள்: ஒரு முக்கியமான படைப்பைச் சிதைத்துவிட்டேன் என்று வருத்தமாம். முனுசாமியின் கண்ணுக்கு அவர்கள் வருத்தம் தெரிவித்ததாக எனக்கு நினைவில்லை. ஏழு மாதம் சஸ்பெண்ட். யூனியன் போராடியதால் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பலகை வேலை கிடையாது. ஓய்வு பெறும் நாள் வரை இரும்பு மேல் வெள்ளை பெயின்டில் எண் போட்டேன்.

தீர்ப்பு வந்த பிறகு முகத்துவாரக்குப்பம் போனேன். முனுசாமி குடிசை வாசலில் உட்கார்ந்து விரலாலேயே தடவித் தடவி வலை பின்னிக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

"சவரியா? வா, குந்து." கை நிற்கவில்லை. "இன்னும் ஒட்டிக்கினு கீறியா?"

"இல்ல, வுட்டுட்டேன்."

"இன்னாத்துக்கு வுட்ட? ஒட்டு. கேட்டுட்டு எடு, அவ்ளோதான்."

அதற்குப் பிறகு வீட்டில் எனக்காகச் சில பலகைகள் செய்தேன். எதை எடுத்தாலும் உடையவரைக் கேட்டுத்தான் எடுத்தேன். தர மாட்டேன் என்றவர்களும் உண்டு. அவற்றை நான் ஒட்டவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில், ஒரு முகூர்த்த நாள் காலை, ராயபுரத்தில் பஸ் ஸ்டாப் பக்கம் வரதராஜன் சாரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். பக்கத்தில் ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர், கையில் தாம்பூலப் பை, குடை. நான் நகர்ந்து போகப் பார்த்தேன். அவரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சவரி, ஒண்ணு சொல்லணும். எல்லாம் ஞாபகம் இருந்தது. அன்னிக்கு. ஒவ்வொண்ணும்."

"தெரியும் சார்."

"தூக்கம் வரலை, சவரி. யார்கிட்டயாவது சொல்லணும்னு..."

எனக்கு அப்போது வந்த கோபத்தை எந்த வார்த்தையிலும் அடக்க முடியாது. அவருக்குத் தூக்கம் வர நான் காது கொடுக்க வேண்டுமா? கையை விடுவித்துக்கொண்டேன்.

"என்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப் போவுது? முனுசாமி உயிரோடதான் கீறான். எண்ணூர் பஸ் இங்கதான் நிக்கும். முகத்துவாரக்குப்பம்னு கேட்டா எறக்கி வுடுவாங்க. வூடு யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. போயி அவன்கிட்ட சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டினார். "போகணும், போகணும்" என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே எண்ணூர் பஸ் வந்து நின்றது. கூட்டமே இல்லை. கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏர்றியா பெர்சு?" என்று அவரைக் கேட்டார். சார் என்னைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். தாம்பூலப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். குடையை விரித்தார். மழையும் இல்லை, வெயிலும் ஏறியிருக்கவில்லை.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.